செட்டிநாட்டிலிருந்து பெர்சனல் டிரெய்னர் ஆக விரும்புவோர்க்கு: பணம் கட்டும் முன் படிப்பைச் சோதிக்கும் முறை

இந்தியாவில் பெர்சனல் டிரெய்னராக, அதாவது ஒருவருக்குத் தனியாக உடற்பயிற்சி கற்றுத்தருபவராக, தொழில் செய்வதற்கு அரசு உரிமம் எதுவும் கட்டாயமில்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளது போன்ற பதிவுக் கவுன்சில் இந்தத் தொழிலுக்கு இல்லாததால், இரண்டு நாள் வகுப்பு நடத்திப் பொன்னிற எழுத்தில் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுப்பவரும், பல மாதம் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்துக் கடுமையான தேர்வு வைப்பவரும் ஏறக்குறைய ஒரே சொற்களில் விளம்பரம் செய்கிறார்கள். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ புதுவயலிலோ இருந்துகொண்டு, கைப்பேசியில் வரும் விளம்பரத்தை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. பிளஸ் டூ அல்லது பட்டப்படிப்பு முடித்து, இத்துறையில் முதல்முறையாக நுழைய எண்ணுவோர்க்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

நம் ஊர் ஜிம்களில் படிப்பு எதுவும் இல்லாமல் அனுபவத்தாலேயே தேர்ந்த மாஸ்டர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்வதற்கு இடமில்லை. ஆனால் அவர்களிடம் பயின்றவர்கள் பெரும்பாலும் நோய்நொடி இல்லாத இளைஞர்கள். இன்று பெர்சனல் டிரெய்னரைத் தேடி, அவருக்கென்று தனிக் கட்டணம் கொடுக்க முன்வருபவர் யார் என்று பாருங்கள்: பணி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்துவிட்டு ஊர் திரும்பிய அறுபது வயதுக்காரர், முழங்கால் வலியுள்ள ஆச்சி, பிரசவத்துக்குப் பின் உடல் எடை கூடிய இளம் தாய். இவர்களில் பலர் சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள். தன் உடம்பைக் கட்டமைத்த அனுபவம் மட்டும் இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போதாது. படிப்பு தேவைப்படுவது இதற்காகத்தான். சுவரில் மாட்டுவதற்காக அன்று.

எந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனாலும் முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "உங்களிடம் படித்துத் தேர்ச்சி பெறாமல் போனவர்கள் உண்டா? தேர்ச்சியை முடிவு செய்பவர் யார்?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி முடிவு கிடைத்துவிடும். "எங்களிடம் சேர்ந்த எல்லோரும் பாஸ்" என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் விற்கப்படுவது காகிதம் மட்டுமே. பாடம் நடத்துபவரும் தேர்வு வைப்பவரும் வேறு வேறாக இருப்பதும், தேர்வில் தோற்பதற்கு உண்மையான வாய்ப்பு இருப்பதும் ஒரு சான்றிதழுக்கு மதிப்பைத் தரும் அடிப்படைகள். இனி வருவன எல்லாம் இந்தக் கேள்வியை வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்ப்பவையே.

எங்கே வேலை செய்யப் போகிறீர்கள்

படிப்பைத் தேடும் முன் வேலையிடத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். காரைக்குடி வட்டாரத்தில் வீடுகளுக்குச் சென்று பயிற்சி கொடுப்பதே உங்கள் எண்ணம் என்றால், நல்ல அடிப்படைப் படிப்பும் முதலுதவிப் பயிற்சியும் நேரடி அனுபவமும் போதும். வெளிநாட்டுச் சான்றிதழுக்குக் கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை. மதுரை, திருச்சி, சென்னையிலுள்ள பெரிய ஜிம் நிறுவனங்களில் சேர விரும்பினால், அங்கே ஆளெடுப்பவர்கள் எந்தச் சான்றிதழ்களை ஏற்கிறார்கள் என்பதை அவர்களிடமே நேரில் கேட்டுக்கொண்டு வருவது நல்லது. பயிற்சி நிலையம் சொல்லும் பட்டியலை நம்பிவிட வேண்டாம்.

வளைகுடா நாடுகளுக்குப் போகும் எண்ணம் நம் பக்கத்தில் பலருக்கும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 'ரெப்ஸ் யுஏஇ' என்ற உடற்பயிற்சி வல்லுநர் பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் இடம்பெறத் தக்க தகுதியா என்று பார்க்காமல் இங்கே எந்தப் படிப்பிலும் சேரக் கூடாது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராவது உங்கள் கனவு என்றால் அது முற்றிலும் வேறு வழி. அதற்குப் பெரும்பாலும் பட்டப்படிப்புக்குப் பின் இரண்டாண்டு பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் பட்டம்) தேவை, ஜிம் சான்றிதழ் எதுவும் அதற்கு ஈடாகாது.

சான்றிதழில் யார் பெயர் இருக்கும்

நமக்கு எட்டும் தொலைவிலுள்ள படிப்புகளை நான்கு வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, அரசின் திறன் மேம்பாட்டுக் கட்டமைப்புக்குள் வரும் படிப்புகள். 2013 இறுதியில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ், விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதித் துறைக்கென ஒரு துறைத் திறன் குழு இருக்கிறது. ஃபிட்னஸ் டிரெய்னர் என்ற பணிக்கான தகுதித் தரத்தை அது வகுத்திருக்கிறது. இவற்றையெல்லாம் மேற்பார்வையிடுவது, 2018இல் அறிவிக்கப்பட்ட 'என்சிவிஇடி' எனும் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சில். சான்றிதழ் வழங்கும் அமைப்பையும் மதிப்பீடு செய்யும் அமைப்பையும் அது தனித்தனியாக அங்கீகரிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் கேட்ட முதல் கேள்விக்கு இது நேரான விடை. அங்கீகரிக்கப்பட்ட தகுதிகள் 'தேசியத் தகுதிப் பதிவேடு' என்ற அரசு இணையதளத்தில் உள்ளன. உங்களிடம் சொல்லப்பட்ட படிப்பின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் அங்கே தேடிப் பாருங்கள். ஒவ்வொரு தகுதிக்கும் காலாவதித் தேதி உண்டு. நீங்கள் தேர்வெழுதும் நாளில் அது நடப்பில் இருக்குமா என்பதையும் பாருங்கள். சான்றிதழில் கிரெடிட் குறிக்கப்பட்டிருந்தால், தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் கற்றல் என்பது கணக்கு. நான்கு கிரெடிட் என்று போட்டுவிட்டு மூன்று நாளில் முடிப்பதாகச் சொன்னால், எங்கோ பொய் இருக்கிறது என்று பொருள்.

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் வழியாகவும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகவும் கட்டணமில்லாப் பயிற்சிகள் நடக்கின்றன. எந்த ஆண்டில் எந்தத் துறைக்கு இடம் ஒதுக்குவார்கள் என்பது மாறிக்கொண்டிருப்பதால், சிவகங்கையில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் ஒருமுறை நேரில் விசாரித்துவிட்டுத் தனியார் நிலையத்துக்குப் போகலாம். பேருந்துச் செலவு தவிர வேறு நட்டமில்லை.

இரண்டாவது, பல்கலைக்கழகப் படிப்புகள். செட்டிநாட்டுக்காரர்கள் இதில் பேறு பெற்றவர்கள். 1985இல் நிறுவப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகமும் அதன் உடற்கல்வியியல் கல்லூரியும் காரைக்குடியிலேயே இருக்கின்றன. சென்னையில் 1920இல் தொடங்கப்பட்ட நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும், 2005 முதல் செயல்படும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உள்ளன. இவற்றின் முழுநேரப் பட்டங்கள் ஜிம் பயிற்சியாளருக்கென்றே வகுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் உடற்கூறியல், உடலியங்கியல், அசைவியல் ஆகியவற்றை ஓரிரு ஆண்டுகள் முறையாகப் படித்தவர், பிறகு எந்தச் சான்றிதழ்த் தேர்வையும் அஞ்சாமல் எழுதலாம். குறுகிய காலப் பட்டயப் படிப்புகள் ஆண்டுதோறும் மாறுவதால் நடப்பாண்டின் விவரக் குறிப்பேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொல்லித் தனியார் மையம் பட்டயம் தருவதாகச் சொன்னால், அந்தப் பெயர் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

மூன்றாவது, பன்னாட்டுச் சான்றிதழ்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஏசிஎஸ்எம் (தொடக்கம் 1954), என்எஸ்சிஏ (1978), ஏஸ் (1985), நாசம் (1987) ஆகிய அமைப்புகள் நீண்ட காலமாக இத்துறையில் நிலைத்திருப்பவை. இவற்றின் பெர்சனல் டிரெய்னர் சான்றிதழ்கள் என்சிசிஏ எனப்படும் தனி அங்கீகாரக் குழுவின் ஏற்பைப் பெற்றவை. ஏஸ் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 150 வினாக்களுக்கும், நாசம் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். பாடநூல்கள் கனமான ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர் இதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் பணம் கட்டும் முன் பாடநூலில் ஏதேனும் ஓர் அத்தியாயத்தை வாங்கி, அகராதியுடன் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் ஓர் அத்தியாயம் புரிபடுகிறதென்றால் துணியலாம். புரிபடவில்லையென்றால், முதலில் தமிழில் பாடம் நடக்கும் உள்நாட்டுப் படிப்பொன்றை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு இதற்கு வரலாம்.

நான்காவது, தனியார் அகாடமிகள் தம் பெயரிலேயே வழங்கும் சான்றிதழ்கள். இவற்றில் மிக நல்லவையும் உண்டு, வெறும் காகிதமும் உண்டு. பெயரை வைத்து முடிவு செய்ய முடியாத வகை இது ஒன்றுதான். ஆகவே கீழே சொல்லப்படும் சோதனைகள் இதற்கு முழுமையாகப் பொருந்தும்.

விளம்பரத்திலுள்ள முத்திரைகள்

"ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றது" என்ற வரியைப் பல விளம்பரங்களில் காணலாம். அது ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறை ஒழுங்காக இருக்கிறதா என்பது பற்றிய தரச்சான்று. பெயின்ட் கம்பெனியும் அதைப் பெறலாம். பாடத்தின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மனிதர்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் அமைப்புகளுக்கென்று ஐஎஸ்ஓ 17024 என்ற வேறொரு தரம் இருக்கிறது. அந்த எண் விளம்பரத்தில் இருந்தால் அது யாருக்கு, யாரால் வழங்கப்பட்டது என்று கேளுங்கள்.

"மத்திய அரசு பதிவு பெற்றது" என்பது இன்னொன்று. எந்தச் சிறுதொழில் செய்பவரும் 2020 முதல் உத்யம் இணையதளத்தில் தாமே விவரம் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பதிவெண்ணைச் சான்றிதழில் அசோகச் சின்னம் போன்ற ஒரு வட்டத்துக்கு அருகில் அச்சிட்டுவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அரசு அங்கீகாரம் போலத் தெரியும். அறக்கட்டளைப் பதிவும் கம்பெனிப் பதிவும் இவ்வகையே. நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு, படிப்பு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை எழுதித் தரத் தயங்குபவரிடம் அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை.

பாடத்திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்

பாடத்திட்டத்தைத் தலைப்புகளாக அல்லாமல் மணிக்கணக்கோடு கேட்டு வாங்குங்கள். எலும்பு, மூட்டு, தசை பற்றிய உடற்கூறியல், இதயமும் நுரையீரலும் பயிற்சியின்போது எப்படி மாறுகின்றன என்னும் உடலியங்கியல், அசைவுகளின் இயக்கவியல், பயிற்சித் திட்டம் வகுத்தல், சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறை, உடல்நல முன்சோதனை, நோயுள்ளோர், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கான பயிற்சி, அடிப்படை உணவியல், தொழில் நெறி. இவை இல்லாத படிப்பு குறைப்படிப்பு. எல்லாத் தலைப்புகளும் இருந்தும் செய்முறைக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்றாலும் அப்படியே.

முன்சோதனை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சி தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கொண்ட 'பார்க்யூ பிளஸ்' என்ற படிவம் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. அதன் முதல் பக்கத்திலுள்ள ஏழு பொதுக் கேள்விகளில் ஒன்றுக்காவது 'ஆம்' என்று விடை வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். இந்தப் படிவத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது மட்டும் கற்பித்தலாகாது. "ஆச்சி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? டப்பாவை எடுத்து வாருங்கள், பார்க்கலாம்" என்று கேட்டு, மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதனால் பயிற்சியில் என்ன மாறும் என்று யோசிக்கப் பழக்குவதே கற்பித்தல். இரத்த அழுத்தத்துக்காக மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு இதயத் துடிப்பு வழக்கம்போல் உயராது. உச்ச இதயத் துடிப்பை அறிய இருநூற்று இருபதிலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை வைத்துக்கொண்டு அவரைத் துரத்தினால் ஆபத்து. மூச்சு வாங்கும் அளவையும் அவரே உணரும் கடினத்தையும் கேட்டுத்தான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். நிலையத்தின் ஆசிரியரிடம் இதை ஒரு கேள்வியாகவே கேட்டுப் பாருங்கள். சரியான விடை உடனே வந்தால் அவரிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சோதனையையும் வைக்கலாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகும் வழக்கம் நகரத்தார் குடும்பங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, முதன்முறையாக நடைப்பயணம் போக விரும்பும் ஒருவர் மூன்று மாதம் முன்னதாக உங்களிடம் வந்தால் எப்படித் தயார் செய்வீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். "தினம் பத்து கிலோமீட்டர் நடக்கச் சொல்வேன்" என்பது விடையன்று. அவருடைய மருத்துவரின் ஒப்புதல், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்ற விசாரிப்பு, செருப்பும் கொப்புளமும் பற்றிய எச்சரிக்கை, வாரந்தோறும் தூரத்தைக் கூட்டும் அட்டவணை, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வலுவூட்டும் பயிற்சி, இடையில் ஓய்வு நாள்கள், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தெரியும் நடுக்கம், வியர்வை, குழப்பம் ஆகிய அறிகுறிகள், அப்போது உடனே சாப்பிடுவதற்காகப் பையில் இருக்க வேண்டிய குளுக்கோஸ் என்று விடை நீள வேண்டும். இவ்வளவையும் ஒருவர் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மருந்தையும் பாதத்தையும் பற்றி ஒரு சொல்கூட வராவிட்டால், அந்த இடத்தில் இளைஞர்களின் உடம்பை மட்டுமே பார்த்திருக்கிறார்கள் என்று விளங்கும்.

முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் பஸ்கியும் தண்டாலும் எடுக்க வைத்து, மறுநாள் எழ முடியாமல் கிடப்பதை வீரமாகக் கொண்டாடும் வழக்கம் இன்னும் சில கூடங்களில் இருக்கிறது. பழகாத உடம்பை அப்படி வாட்டினால் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள பொருள்கள் இரத்தத்தில் கலந்து, சிறுநீர் கரும்பழுப்பு நிறமாகி, சிறுநீரகமே பாதிக்கப்படலாம். அதற்கு மருத்துவமனைதான் வழி. இதைப் பாடத்தில் சொல்லாத படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொழிலின் எல்லையைப் பற்றிய பாடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூட்டு வலிக்குச் சிகிச்சை அளிப்பது இயன்முறை மருத்துவரின் வேலை. நோய்க்கேற்ற உணவு முறை எழுதுவது உணவியல் வல்லுநரின் வேலை. இவ்விரு தொழில்களும் 2021ஆம் ஆண்டின் தேசியத் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை. "எங்கள் படிப்பை முடித்தால் டயட்டீஷியன், ஃபிசியோ வேலையும் பார்க்கலாம்" என்பது உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும் பேச்சு. அதைவிட மோசமானது, வகுப்பிலேயே புரதப் பொடி விற்பதும், ஊசி பற்றி மறைவாகப் பேசுவதும். ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகள்; அவற்றைப் பற்றிச் சாதாரணமாகப் பேசும் ஆசிரியர் இருக்கும் இடத்திலிருந்து அன்றே எழுந்து வந்துவிட வேண்டும். புரதப் பொடியைப் பொறுத்தவரை, டப்பாவிலுள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கும் படிப்பே நல்ல படிப்பு.

உணவியல் பாடத்தில் ஓட்ஸும் பிராக்கோலியும் மட்டுமே வந்தால், இங்கே அதைக் கேட்க ஆளில்லை. காலையில் இட்லியும் பணியாரமும், விசேஷ நாளில் கவுனி அரிசியும் சாப்பிடும் வீட்டில், அளவையும் புரதத்தையும் எப்படிச் சரிசெய்வது என்பதைப் பேசத் தெரிந்தவரே நிலைப்பார்.

முதலுதவி

இதயத் துடிப்பு நின்றுபோன நேரத்தில் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் சிபிஆர் பயிற்சியை, பொம்மையின் மீது கைவைத்துச் செய்து பழகியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்று புத்தகத்தில் படித்தவருக்கும், இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திக் கை ஓய்ந்தவருக்கும் வேறுபாடு மிகுதி. பெரிய பன்னாட்டுச் சான்றிதழ்கள் செல்லுபடியாகும் சிபிஆர், ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) பயிற்சிச் சான்றைத் தனியே கேட்கின்றன. அகாடமி இதைத் தன் கட்டணத்துக்குள் தருகிறதா, தருவதென்றால் யாருடைய சான்று என்று விசாரியுங்கள். 108க்கு அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்பதே பாடத்தின் சாரம். கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பவருக்கு இது கூடுதல் அவசியம்.

ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

சேர்வதற்கு முன் ஒரு செய்முறை வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கும் இடம் வேண்டாம். உட்கார்ந்த பிறகு ஆசிரியரின் உடற்கட்டைப் பார்க்காதீர்கள். மாணவர் தவறு செய்யும்போது அவருடைய கண் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு மாணவர் ஸ்குவாட் செய்யக் கீழே இறங்குகிறார், குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, முழங்கால்கள் உள்ளே மடங்குகின்றன, முதுகு முன்னே சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். "நேரா உட்காரு, நேரா உட்காரு" என்று சத்தம் போடுவது எல்லோருக்கும் வரும். தேர்ந்த ஆசிரியர் முதலில் தோளிலுள்ள எடைக் கம்பியை வாங்கி ஓரமாக வைப்பார். மாணவரைச் சுவரோரம் நிறுத்திக் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார். குதிகாலுக்குக் கீழே ஒரு மெல்லிய பலகையை வைத்து மறுபடி இறங்கச் சொல்லுவார். இப்போது முதுகு நிமிர்ந்து வந்தால் குறை கணுக்காலில் இருக்கிறது. வராவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். இதை மற்ற மாணவர்களுக்கும் கேட்கும்படி விளக்கி, அடுத்தவரை ஆசிரியர் இடத்தில் நிற்க வைத்துத் திருத்தச் சொல்லுவார். இப்படி ஒரு பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டால் விளம்பரப் பிரசுரத்தைப் படிக்க வேண்டியதில்லை.

திருத்தும்போது உடம்பைத் தொடுமுன் அனுமதி கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்ற தேவை நம் பகுதியில் வெளிப்படையாகவே இருக்கிறது, அதை நிறைவேற்றப் போதிய ஆள் இல்லை. ஆகவே பெண்கள் இத்துறைக்கு வருவது வருமான நோக்கிலும் நல்ல முடிவு. படிக்கும் இடத்தில் பெண் ஆசிரியர் உண்டா, பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பயிற்சி பாடத்தில் உண்டா என்று கேட்டுச் சேருங்கள்.

வீட்டுக்குப் போய்க் கொடுக்கும் பயிற்சியில் ஜிம் இயந்திரம் ஒன்றும் இருக்காது. முகப்பிலோ வளவிலோ, ஒரு ரப்பர் பட்டை, இரண்டு டம்பெல், ஒரு நாற்காலி ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தை நிரப்பத் தெரிய வேண்டும். (ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும்; விரிப்பு இல்லாமல் போகாதீர்கள்.) இயந்திரங்களை மட்டுமே வைத்துக் கற்றுத்தரும் படிப்பு இங்கே பாதி வேலைக்குத்தான் உதவும்.

நேரிலா, இணையவழியிலா

கோட்பாட்டை இணையவழியில் படிக்கலாம், தவறில்லை. செய்முறையை அப்படிப் படிக்க முடியாது. காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம் என்பதால், வார இறுதியில் நேர்முகச் செய்முறை வகுப்பும் மற்ற நாள்களில் இணையவழிப் பாடமும் உள்ள கலப்பு முறை நமக்குப் பொருந்தும். சென்னையில் தங்கிப் படிப்பதானால் விடுதி வாடகையையும் சாப்பாட்டையும் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். பல நேரங்களில் அந்தச் செலவு படிப்புக் கட்டணத்தையே மிஞ்சும்.

பணம்

கட்டணத்தை ஒரே தொகையாகச் சொல்வார்கள். அதைப் பிரித்துக் கேளுங்கள். ஜிஎஸ்டி உள்ளடங்கியதா, பாடநூல் உண்டா, தேர்வுக் கட்டணம் உண்டா, தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு, சான்றிதழைப் புதுப்பிக்க எவ்வளவு என்ற விவரங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். பன்னாட்டுத் தேர்வுக்குத் "தயார் செய்யும்" படிப்புகளில் தேர்வுக் கட்டணம் சேராமல் இருப்பது சாதாரணம். மாணவர் அதைக் கடைசி மாதத்தில்தான் அறிகிறார்.

தனிநபரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள்; நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பி, ரசீது வாங்குங்கள். ஜிஎஸ்டி வசூலித்தால் ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான எண் 33 என்று தொடங்கும். "இன்று மாலைக்குள் கட்டினால் பாதி விலை" என்பதற்கு அவசரப்பட வேண்டாம், அடுத்த வாரமும் அதே சலுகை இருக்கும். இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதற்கான விதியை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தவணை வசதி என்று சொல்லி, உங்களுக்குத் தெரியாமலே ஒரு கடன் செயலியில் உங்கள் பெயரில் கடன் வாங்க வைக்கும் வழக்கமும் உண்டு. ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கேட்டால், அது தவணையா கடனா என்று தெளிவாகக் கேளுங்கள். படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. சொன்னபடி நடக்காத நிலையத்தின் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கே எழுத்தில் வாங்கி வைத்தவையெல்லாம் பயன்படும்.

"நூறு விழுக்காடு வேலை உறுதி" என்றால், முந்தைய பேட்ச்சில் படித்த மூவரின் தொடர்பைக் கேளுங்கள். நிலையம் தேர்ந்தெடுத்துத் தரும் மூவர் நல்லதையே சொல்லக்கூடும். ஆகவே அவர்களிடம் படிப்பைப் பற்றிக் கேட்பதோடு நிற்காமல், உடன் படித்து இப்போது இத்துறையில் இல்லாத ஒருவரின் எண்ணைக் கேட்டு அவரோடும் பேசுங்கள்.

சான்றிதழுக்குப் பின்

கைக்கு வந்த சான்றிதழ் வழங்கியவரின் பதிவேட்டில் தேடினால் கிடைக்கிறதா என்று முதல் நாளே சரிபாருங்கள். கியூஆர் குறியீடு இருந்தால் அது அகாடமியின் சொந்தப் பக்கத்துக்குப் போகிறதா, சான்றளித்த அமைப்பின் பக்கத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். பெயரின் எழுத்துகள் ஆதாரிலும் கடவுச்சீட்டிலும் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னே பின்னே மாறியிருந்தால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அலைச்சல்.

ஏஸ், நாசம் சான்றிதழ்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஏசிஎஸ்எம், என்எஸ்சிஏ சான்றிதழ்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் தொடர்கல்விப் புள்ளிகள் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆயுள் முழுவதும் செல்லும் சான்றிதழ் என்பதைச் சிறப்பாகச் சொல்லி விற்பவர்கள் உண்டு; புதிதாகக் கற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாத சான்றிதழ் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

தேர்ச்சிக்குப் பிறகு உடனே தனியாக வீடு வீடாகப் போவதைவிட, அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரின் கீழ் சில மாதம் உதவியாளராக நிற்பது நல்லது. ஊதியம் குறைவாக இருக்கும். அந்த மாதங்களில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தாள் வைத்து, முன்சோதனை விடைகள், சாப்பிடும் மாத்திரைகள், அவருடைய மருத்துவரின் பெயர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினரின் எண், அன்றன்று செய்த பயிற்சியும் தூக்கிய எடையும் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதும் பழக்கத்தைத் தொடங்குங்கள். அந்தத் தாள்கள் மற்றவர் கண்ணில் படாதபடி பூட்டி வைக்கவும் வேண்டும்.